பச்சைச் சீட்டு எதுக்குன்னு கேட்டீகளே, மதினி

உசிரான பாண்டியம்மா மதினிக்கு,

நல்லாயிருக்கீகளான்னு கேக்கத்தான் வாய் வருது. அப்புறம்தான் யாரைக் கேக்குறோம்னு உறைக்குது. நீங்க போய் மூணு வருசமாச்சு. இன்னும் காலையில வேன்காரன் ஆரன் அடிச்சா, உங்க வாசலைப் பாத்து ‘வாங்க மதினி, நேரமாச்சு’ன்னு கத்த நாக்கு எழும்புது. உங்க வாசல்ல இருந்து இப்ப அபிநயா வர்றா. உங்க தூக்குவாளியத்தான் கொண்டுட்டு வர்றா.

ஆமா மதினி, உங்க மக பட்டாசு ஆபீசுக்குத்தான் வர்றா. என்னைத் திட்டாதீக. காலேஜை ரெண்டாம் வருசத்தோட விட்டுட்டா. அண்ணன் அன்னைக்கு மூலையில உக்காந்தவருதான். ஒரு வாரம் வேலைக்குப் போனா ரெண்டு வாரம் படுத்துக்கிடுறாரு. நீ அங்க வரவே கூடாதுன்னு அவகிட்ட சொல்லிப் பாத்தேன், அழுதேன், ஒரு நாள் கைநீட்டி அடிச்சும் போட்டேன். “அப்ப அடுப்புல என்னத்த வைக்கன்னு நீங்களே சொல்லுங்க அத்தை”ன்னா. நீங்க உக்காந்து சரம் பின்னுன அதே ரூம்லதான் இப்ப அவளும் உக்காந்து பின்றா.

போற வழியும் அதே வழிதான். அந்த ஓடைப்பாலம் நீங்க பாத்தப்ப எப்படிக் கிடந்துச்சோ அப்படியேதான் கிடக்கு. நடுவுல இடிஞ்ச இடத்துல ரெண்டு மண்மூட்டையப் போட்டு வச்சிருக்காக. வெயில் காலத்துல வேன் தட்டுத்தடுமாறி ஏறிப் போயிரும். மழை பெஞ்சா மூட்டைக்கு மேல தண்ணி போகும், எல்லாரும் இறங்கித் தண்ணியில நடந்துதான் போகணும்.

அன்னைக்கும் மழைதான். பக்கத்து ரூம்ல பிடிச்ச தீ உங்க ரூமுக்குத் தாவுனதும், உங்களை வெளியில இழுத்துப் போட்டதும், போர்மேன் நூத்தியெட்டுக்கு அடிச்சதும் எல்லாம் சடார்னு நடந்து போச்சு. வண்டி என்னமோ சீக்கிரம்தான் வந்துச்சு மதினி. வந்து பாலத்துக்கு அங்குட்டு நின்னுருச்சு. நாங்க இங்குட்டு, உங்களைத் தார்ப்பாயில வச்சுக்கிட்டு நிக்கிறோம். சுத்தி வரணும்னா ஏழாயிரம்பண்ணை வழியாத்தான் வரணும், அம்புட்டுத் தூரம் யாரு பொறுக்க? நாலு பேரு இடுப்பளவு தண்ணியில இறங்கித் தூக்குனோம். நடுத்தண்ணியில வச்சு, “வளவியைக் கழட்டு மாரி, சுடுது”ன்னீக. கைய வச்சா வளவியோட தோலும் வந்துருமோன்னு பயந்து நான் தொடவே இல்ல. நீங்க சொன்ன கடைசிச் சொல்லைக்கூட நான் கேக்கல.

ஆஸ்பத்திரியில டாக்டர் கோவமாக்கூடச் சொல்லல. இன்னும் கொஞ்சம் முன்ன கொண்டாந்திருக்கலாமேன்னுதான் கேட்டாரு. அந்தக் கேள்வி என்னைத் தூங்க விட மாட்டேங்குது.

அதுக்கப்புறம் எனக்கு வேற வேலையே இல்லாமப் போச்சு. அந்தப் பாலத்தைக் கட்டுங்கன்னு மனு எழுதுறதுதான் என் பொழப்பு. நம்ம சித்தப்பா மகன்தானே பஞ்சாயத்துத் தலைவரு, முதல்ல அவன்கிட்டப் போனேன். எம்.எல்.ஏ.வைப் பாரு அக்கான்னான். எம்.எல்.ஏ. ஆபீசுக்கு எத்தனை நடைன்னு கணக்கே இல்ல. வாங்கி வச்சுக்கிட்டாக, பாக்குறோம்னாக. கோயில் கொடைக்கு எம்.பி. வந்தப்ப கூட்டத்துல முண்டியடிச்சுப் போய் கையில திணிச்சேன். ஒண்ணும் நடக்கல. போன வருசம் எம்.எல்.ஏ. வண்டி நம்ம தெருவைக் கடந்து போனப்ப, பின்னாலயே ஓடி ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்திட்டேன். உன் குடி விளங்குமாடான்னு கேட்டு அழுதேன். ஊரே வேடிக்கை பாத்துச்சு.

அந்தச் சாபம் போக வேண்டிய இடம் அது இல்ல மதினி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசியே.

போன மாசம் ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போனேன். அங்க மனுவை வாங்கிப் பாத்துட்டு, இதை ஒன்றிய ஆபீசுல கேளுங்கன்னு அனுப்புனாக. மறுநாள் ஒன்றிய ஆபீசுல ஒரு பொம்பளைப் புள்ள இருந்துச்சு. என்னை உக்கார வச்சு, குடிக்கத் தண்ணி குடுத்து, ரெண்டு பழைய தீர்மான நோட்டை எடுத்துப் புரட்டிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு.

“இது ஒன்றியத்து ரோடும்மா. பாலமும் ஒன்றியத்துதுதான். உங்க ஒன்றியக் கவுன்சிலர் கூட்டத்துல கேட்டுத் தீர்மானம் போட வச்சிருக்கணும். அஞ்சு வருசத்துல ஒரு தடவைகூட அவர் இதைப் பத்திப் பேசல. நீங்க யாரும் அவர்கிட்ட மனுவும் குடுக்கல போல. யாரும்மா உங்க கவுன்சிலர்?”

எனக்குத் தெரியல மதினி. மூணு வருசம் நாயா அலைஞ்சவளுக்கு அந்த ஒரு பேரு தெரியல. அந்தப் புள்ளயே நோட்டைப் பாத்துப் பேரை வாசிச்சுச்சு. பக்கத்து ஊர்க்காரராம். நான் காதால கேட்டதே இல்ல. நீங்க ஓட்டுப் போட்டிருப்பீங்களேம்மான்னு மெதுவாக் கேட்டுச்சு.

போன உள்ளாட்சித் தேர்தல்ல நமக்கு நாலு ஓட்டுச்சீட்டு குடுத்தாகள்ல, ஞாபகம் இருக்கா? வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், அப்புறம் பச்சை, மஞ்சள். ஓட்டுக்கு முதநாள் வேன்ல எல்லாப் பொம்பளைகளுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். ரோஸ் சீட்டுல சித்தப்பா மகன் சின்னத்துல கரெக்டாக் குத்துங்க, சொந்தக்காரன் தோத்தா நம்ம மூஞ்சியில எவளும் முழிக்க மாட்டா. வெள்ளைக்கு இன்னாரு. பச்சையும் மஞ்சளும் எங்க குத்துனா என்ன, வெறுமனே மட்டும் விட்டுறாதீகன்னேன். எல்லாரும் சிரிச்சாக. நீங்க மட்டும் வரிசையில நிக்கும்போது என் சேலையைப் பிடிச்சு இழுத்தீக.

“இந்தப் பச்சை எதுக்கு மாரி?”

“எதுக்கோ ஒண்ணுக்கு. குத்திட்டு வாங்க மதினி, வேன் நிக்குது.”

வேன் நிக்குதுன்னு சொன்னேன். நீங்க கேட்ட கேள்விக்கு நின்னு பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல. வேன்ல இருந்த இருபத்திரண்டு பேரும் என் பேச்சைக் கேட்டு, எதுக்குன்னே தெரியாம அந்தச் சீட்டைக் குத்திட்டு வந்தோம். அந்தப் பச்சைதான் ஒன்றியக் கவுன்சிலருக்கு மதினி, உங்களைத் தூக்கிப் போற ரோடு அந்தச் சீட்டுலதான் இருந்துச்சு. யாரை நோக நான்? எவனோ ஒருத்தன் அஞ்சு வருசம் சும்மா உக்காந்திருந்தான்னா, அவனை யாருன்னே தெரியாம உக்கார வச்சது நான்தானே.

அந்தப் புள்ளகிட்டயே கெஞ்சி, மனுவோட பின்பக்கம் எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டு வந்தேன். தெருவிளக்கு, குழாய்த்தண்ணி, சாக்கடைன்னா தலைவரும் வார்டு மெம்பரும். இந்த ரோடு, பாலம், சின்னப் பள்ளிக்கூடத்துக் கட்டடம்னா ஒன்றியம். எம்.எல்.ஏ. சட்டம் போடுறவரு, அவருக்குன்னு தொகுதி நிதி ஒண்ணு இருக்கு, அதுல எது செய்யணும்னு அவர்தான் முடிவு பண்ணணும். எம்.பி. டெல்லியில பேசுறவரு. இதைத் தெரிஞ்சுக்க எனக்கு நாப்பத்தேழு வயசும் உங்க உசிரும் தேவைப்பட்டிருக்கு.

சனிக்கிழமை மறுபடி உள்ளாட்சித் தேர்தல். பச்சைச் சீட்டுக்கு நம்ம வார்டுல ரெண்டு பேரு நிக்கிறாக. ரெண்டு பேரையும் போய்ப் பாத்தேன். முத ஆளு நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே, தீக்காயத்துக்குத் தனி ஆஸ்பத்திரி கொண்டாருவேன்னாரு. எங்க ஓடைப்பாலம் உங்க வேலைதானேன்னு கேட்டேன். “அது எம்.எல்.ஏ. நிதியில வரணும்க்கா”ங்கிறாரு. நான் போய் அவருக்குப் பாடம் எடுக்கேன், அவரு போனைப் பாத்துக்கிட்டிருக்காரு.

இன்னொண்ணு ஒரு பொம்பள. பேருதான் அதோடது, பேசுறது பூரா வீட்டுக்காரர். நான் சொல்லச் சொல்ல அவரு எல்லாத்துக்கும் முடிச்சிருவோம், முடிச்சிருவோம்னே தலையாட்டுனாரு. கதவோரம் நின்ன அந்தப் பொம்பளதான், அந்தப் பாலம் எங்கன இருக்குன்னு கேட்டுச்சு. நான் சொல்றதுக்குள்ள, அக்காவுக்கு டீ போடுன்னு அதை உள்ள அனுப்பிட்டாரு. இவுகள்ல யாருக்குன்னு நான் குத்த மதினி? விவரம் தெரியாம குத்துனப்ப நிம்மதியா இருந்துச்சு. இப்ப தெரிஞ்சுக்கிட்டு வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

வேன்ல பேசிப் பாத்தேன். சீசன் நேரம், ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது, எல்லாரும் அசந்து போய் உக்காந்திருக்காக. மாரி டீச்சராயிட்டான்னு கேலி பேசுறாக. ஒருத்தி மட்டும், “தெரிஞ்சு குத்துனா பாண்டியம்மா திரும்பி வந்துருவாளா”ன்னு கேட்டா. அவ கெட்டதுக்குக் கேக்கல, அவளும் அன்னைக்குத் தார்ப்பாயோட ஒரு மூலையைப் பிடிச்சவதான்.

முந்தாநாள் மழை பெஞ்சுச்சு. பாலத்துக்கிட்ட வேன் நின்னுருச்சு, எல்லாரும் இறங்குனோம். அபிநயா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கிட்டு தண்ணியில இறங்குறா. நடுவுல போனதும் திரும்பிப் பாத்து, “வாங்க அத்தை, ஆழம் இல்ல”ன்னு சிரிக்கிறா. நான் கரையிலயே நின்னுட்டேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளையும் இங்கனயேதானே தூக்கிட்டு நிக்கணும்?

அவளுக்கு இது முத ஓட்டு. மனு பின்பக்கம் நான் எழுதி வாங்குன அந்தத் தாளை வாங்கி ரெண்டு தடவை படிச்சா. நேத்துச் சாயங்காலம் வேலை விட்டதும், என்கிட்டக்கூடச் சொல்லாம பச்சைச் சீட்டுக்கு நிக்கிற அந்தப் பொம்பள வீட்டுக்குப் போய், அதைக் கையோட கூட்டிட்டு வந்து பாலத்தைக் காட்டியிருக்கா. வீட்டுக்காரர் தேடிக்கிட்டு வண்டியில வந்து சத்தம் போட்டாராம். அந்தப் பொம்பள ஓடையில இறங்கி, இடிஞ்ச இடத்தைத் தொட்டுப் பாத்துச்சாம். இதை நம்பலாமா மதினி? எனக்கு எதையும் நம்பப் பயமா இருக்கு.

உங்க மக தினம் சாயங்காலம் பத்திரமா வீடு வந்து சேருவான்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணத்தான் ஆசை. முடியல. அது என் கையில இல்ல, யார் கையில இருக்குன்னும் எனக்குத் தெரியல. என்னால முடிஞ்சதைச் சொல்றேன். சனிக்கிழமை யார் செயிச்சாலும் சரி, கழுத்து மாலையோட வீட்டுக்கு வரும்போது அவுக வாசல்ல நான் நிப்பேன். கூட்டம் நடக்குற ஒவ்வொரு நாளும் ஒன்றிய ஆபீஸ் படியில உக்காந்திருப்பேன். திட்டட்டும், போலீசைக் கூப்பிடட்டும். பாலத்து மேல வண்டி போற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன், உங்க மேல ஆணையா.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி, உங்க மகளுக்கு அத்தை,
முத்துமாரி