தொப்பைக் குறளின் கடைசிச் சீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நலம் என்றால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அச்சகத்துக்குப் போய்ப் பிழை திருத்துகிறேன், அவ்வளவுதான். அழுகை வரவில்லை, அதைப் பற்றிப் போனில் கேட்காதே. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, அப்பா சுற்றிவைத்த துணியை அப்படியே விட்டிருக்கிறேன். அப்பாவின் நினைவு அட்டையில் அவர் கடைசியாகக் கட்டிய பாட்டைப் போடலாமா, அது சரியான வெண்பாதானா என்று கேட்டிருந்தாய். தொப்பைப் பாட்டைப் போட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க என்று சித்தப்பா குதிக்கிறார், குதிக்கட்டும். பாட்டு இதுதான்:

வயிறுமுன் போகும் வழியெல்லாம் பின்னால்
உயிர்மெல்ல ஊர்ந்து ———

குறள் வெண்பா. முதலடிக்கு நாலு சீர், இரண்டாமடிக்கு மூன்று. வயிறு, உயிர் என்று எதுகை அழகாக விழுந்திருக்கிறது, வயிறுக்கு வழி மோனை, உயிருக்கு ஊர்ந்து மோனை. அசை பிரித்தும் பார்த்துவிட்டேன், கருவிளம், தேமா, புளிமாங்காய், தேமா, மறுபடி புளிமாங்காய், தேமா, எங்கேயும் தளை தட்டவில்லை. சிரிப்பு எங்கே என்றால், தொப்பை முன்னால் ஜம்மென்று போக, இவர் அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாராம். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடைசிச் சீரை அவர் என்றைக்கும் சொல்ல மாட்டார், உனக்குத்தான் தெரியுமே. மீதியைச் சொல்லிவிட்டுப் புருவத்தை ஏற்றிக்கொண்டு நிற்பார், நான் அடுப்படியிலிருந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் தொப்பை குலுங்கச் சிரிப்பார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையும் அப்படியே சொல்லி நிறுத்தினார், நான் வாய் திறப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள், இரு, வந்து கேட்டுக்கிறேன் என்று உள்ளே போனார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அட்டையில இடம் காலியா இருக்கே என்று அச்சக முதலாளி இரண்டு தரம் கேட்டுவிட்டார். சொன்னால் அப்பா சிரிக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் கேட்காவிட்டால் அவர் இல்லை என்று ஆகிவிடும், அதனால்தான் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் முதலாளிக்குப் போன் போட்டு அந்தச் சொல்லை நீயே சொல்லிவிடு. நான் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருப்பேன், அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா