நான் எழுதிய உன் ராஜினாமா

என் சபீனா கண்ணே,

வருகிற வியாழக்கிழமை, நீ போட்ட வழக்கில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நீ மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாலும் வழக்கு உன்னோடு போகவில்லை. தொழிலாளி இறந்தாலும் வாரிசு நடத்தலாமாம். உன் அம்மா பேரிகையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு வாய்தா விடாமல் வருகிறார்.

"எம்பொண்ணு தானா வேலைய வுடல, அவங்கதான் தொரத்துனாங்கன்னு தீர்ப்புல வந்தா போதுங்க" என்று நம் வக்கீலிடம் சொன்னார்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. கூண்டில் ஏறுமுன் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரியில் மனநல டாக்டரைப் பார்க்க லீவு கேட்டு, சீட்டைக் காட்டினாய். மறுவாரமே கம்பெனியில் நம் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. "ஏய் மாத்திர, இங்க வா" என்றான் சூப்பர்வைசர். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. மறுநாள் உன் முகத்தைப் பார்த்தபிறகு சிரிக்கவில்லை.

பிறகு ஹெச்.ஆர். கூப்பிட்டார். துணைக்கு நான் வந்தேன். "நீயே எழுதிக் குடுத்துடு. இல்லன்னா காரணத்தோட நாங்க ஆர்டர் போடுவோம். அப்பறம் ஓசூர்ல எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது" என்றார். நீ வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாய்.

"எனுக்கு கை நடுங்குது. நீ எழுதுக்கா."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மனநலச் சிகிச்சையில் இருப்பதால்' என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் கெஞ்சினேன். "சார், கல்யாணம் ஆகாத புள்ள. சொந்தக் காரணம்னு போட்டுக்கறேனுங்க." உடனே சரி என்றுவிட்டார். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று எனக்கு உறைக்கவில்லை. கீழே கையெழுத்து மட்டும் நீ போட்டாய்.

இப்போது கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். நோய்க்காக யாரும் அனுப்பவில்லை, சொந்தக் காரணத்துக்காக அவரே போனார் என்கிறார். உன் மானத்தைக் காப்பாற்றப்போய் உன் வழக்கைக் கெடுத்தேனே, சபீனா! உயிரோடு இருந்தபோதே இது தெரிந்தும் ஏன் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை?

சிகிச்சை எடுப்பது வேலையை விட்டு அனுப்பக் காரணமே ஆகாது, மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்கிறார் நம் வக்கீல். ஆனால் மிரட்டியதை யாராவது சொல்ல வேண்டும். அந்த அறையில் இருந்தது மூன்று பேர். நீ இல்லை. ஹெச்.ஆர். சொல்லமாட்டார்.

நேற்று அந்த ஹெச்.ஆர். என்னைக் கூப்பிட்டார். "ஜெசிந்தா, உனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குது, பாத்துக்க." பயமில்லை என்றால் பொய். கெலமங்கலம் வரை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நீ உட்கார்ந்து வந்த சீட் காலியாகவே வந்தது.

ராஜினாமாவை எழுதியது நான்தானா என்று எழுத்தை ஒப்பிட, கோர்ட்டில் என்னை எழுதச் சொல்லலாமாம். எழுதுவேன். அன்று நான் மாற்றிய வரியை, 'மனநலச் சிகிச்சையில் இருப்பதால்' என்று ஹெச்.ஆர். முதலில் சொன்னபடியே எழுதுவேன். மிரட்டியதையும் சொல்வேன். கை நடுங்கும். நடுங்கினாலும் நானே எழுதுவேன்.

உன் அக்கா,
ஜெசிந்தா