மச்சான் குடிக்காத காப்பி

அக்கா,

இன்று காலை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்ததுமே ஏல வாசனை. உள்ளே கறுப்புப் பாக்கெட்டில் காப்பித்தூள், பின்பக்கம் மச்சான் படம், கீழே அவர் கதை. மலையில் பல வருஷம் பாடுபட்டு, ஏல மணத்தைக் காப்பிக்கொட்டைக்குள் ஏற்றும் பக்குவத்தைத் தாமே கண்டுபிடித்தாராம். உன் பேர் ஒரு மூலையில்கூட இல்லை.

கண்டுபிடித்த லட்சணம் எனக்குத் தெரியாதா? அது நடந்த வாரம் நான் உங்கள் தோட்டத்தில்தானே இருந்தேன். கார்த்திகை மழை விடவில்லை. களத்தில் கிடந்த காப்பிப் பழத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று பயந்து, நீ அதை அள்ளி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் பரப்பினாய். காய்ந்தது. கூடவே ஏல வாசனையும் ஏறிக்கொண்டது. கீழே போடியில் வியாபாரி மோந்து பார்த்துவிட்டு, "இது காப்பியா, ஏலக்காயா?" என்று லோடை அப்படியே ஜீப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்.

மச்சான் வேலையாட்கள் முன்னாலேயே மூட்டைகளை அவிழ்த்து வாசல் சேற்றில் கொட்டினார். "கூறு கெட்டவகிட்ட சோலியக் குடுத்தா இப்படித்தான்" என்றார். அவர் போனதும் நீ முறத்தை எடுத்து வந்து அள்ள ஆரம்பித்தாய். "தொலி இருக்குல்ல, உள்ள ஒண்ணும் ஆகாதுடி. வெரசா அள்ளு" என்றாய்.

அதைக் கழுவிக் காயவைத்து, தொலி நீக்கி, வறுத்து, மேசை விளிம்பில் மாட்டிச் சுற்றுகிற கை மிஷினில் அரைத்து, நீ போட்ட காப்பிக்கு நான் இரண்டாவது டம்ளர் கேட்டேன். மச்சானுக்கு வைத்தது ஆறிப்போய்த் திரும்பி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொட்டையை வேண்டுமென்றே ஸ்டோரில் போட்டாய். ஒவ்வொரு வருஷமும் அவர் முன்னால் டம்ளரை வைத்தாய். எனக்குக் கோபம் வரும். "திட்டட்டும்டி. ஒரு வாய் குடிச்சிட்டுத் திட்டட்டும், போதும்" என்பாய். அந்த ஒரு வாயைக்கூட அந்த மனுஷன் உனக்குத் தரவில்லை. டீதான் கேட்பார்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, வந்தவர்களுக்கு உன் டப்பாவில் மிச்சமிருந்த தூளைத்தான் போட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் குடித்துவிட்டார்.

"நல்லாருக்கே. எங்க வாங்குனது?"

"நீங்க வாசல்ல கொட்டுனீங்கள்ல மச்சான், அதே காப்பிதான்."

காலி டம்ளரை நீட்டினார். "இன்னொரு டம்ளர் கொண்டா" என்றார். நெஞ்சா அது, கல்லா?

இன்று மதியம் போன் செய்தார். போடியில் கடை திறக்கப் போகிறாராம்.

"ஒங்கக்கா மிஷினு ஒங்கிட்டதான இருக்கு? கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும். பழைய சாமான்னா சனங்களுக்குப் புடிக்கும்."

"தர மாட்டேன் மச்சான்."

"சும்மாதான கெடக்கு?"

"சும்மா கெடக்கல, தெனம் அதுலதான் அரைக்கிறேன். அக்கா இருக்கயில ஒரு வாய் குடிச்சிருந்தீங்கன்னா, நானே தொடச்சுக் கொண்டாந்து குடுத்திருப்பேன்."

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் அனுப்பிய தூளில் ஒரு டம்ளர் போட்டேன். துப்புவதற்கென்றே வாயில் வைத்தேன். துப்ப முடியவில்லை. அச்சு அசலாக உன் காப்பி. கொட்டை எவ்வளவு நேரம் ஸ்டோரில் கிடக்க வேண்டும், எந்த நிறம் வரும்போது சட்டியை இறக்க வேண்டும், அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியென்றால், நீ செய்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டேதான் அந்த டம்ளரைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு அதுதான் ஆறவில்லை, அக்கா.