என் முற்றத்துப் பனிக்கு இன்னொருத்தன் வண்டியா?

அன்புள்ள லைலுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் டெனிஸும் குழந்தை ஹேசலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். இந்த வரியை இரண்டு முறை படி, ஏனென்றால் எனக்கு ஒன்றும் முடியவில்லை என்று நீ அரிசோனாவிலிருந்து போன் போட்டு இங்கே ஊரில் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழங்காலளவு பனி. காபியைக் குடித்துவிட்டு, பனி தள்ள அப்பா விட்டுச்சென்ற பிக்கப் வண்டியை எடுக்கலாம் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தேன், முற்றத்தில் வண்டிச் சத்தம். பார்த்தால் பக்கத்துப் பண்ணை டுவேன், வீடு மாதிரி ஒரு புது வண்டி, முன்னால் பளபளவென்று பனி தள்ளும் தகடு, நம் முற்றத்தில் உறுமிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கத்தில் ஒருத்தர் முற்றத்துப் பனியை இன்னொருத்தர் கேட்காமல் தள்ளினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? அந்த வீட்டில் ஆள் படுத்துவிட்டது, இல்லை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எதிர்வீட்டு இர்மா உடனே போன் செய்து, "ஐலி, உசுரோடதான் இருக்கியாடி?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நைட்டி மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் என்ன இது என்றேன். கண்ணாடியை இறக்கி, "உங்க பையன்தாம்மா ஏற்பாடு பண்ணாரு, நீங்க போயி அடுப்புப் பக்கத்துல உக்காருங்க" என்கிறான். அவன் தள்ளிய லட்சணத்தையும் கேள். கதவுப் பக்கம் வந்தால் தகட்டை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்துப் பனியை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இவன் நேரே முட்டிக்கொண்டு போய் மொத்தத்தையும் சவுனாக் கொட்டகைக் கதவில் சாத்திவிட்டான். சனிக்கிழமை சவுனா வெக்கையில் வியர்த்துக் குளிக்காமல் நான் இருந்ததுண்டா? "ஏம்ப்பா, நான் என்ன ஜன்னல் வழியாவா போயிக் குளிக்கறது?" என்றேன். "பெரிய வண்டிம்மா, இன்னும் கை பழகல" என்று தலையைச் சொறிகிறான். பழகாத கைக்கு என் முற்றம்தான் கிடைத்ததா?

அதோடு விட்டானா, "அம்மாவால அந்த பிக்கப்ப ஓட்ட முடியாது, பனி உருகினதும் உன் மச்சானுக்கு எடுத்துக்கோன்னு சொல்லியிருக்காரே" என்றான். நான் உட்கார்ந்திருக்கும்போதே என் நாற்காலியை இழுக்கிறாயே, லைல், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கல்லூரியில் இருந்த காலத்திலேயே அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. அன்றிலிருந்து பனி தள்ளியது நான். அவர் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்து "இடது, இடது" என்பார், நான் வலது பக்கம் போவேன். ஆம்பளை மனசு நோகக் கூடாது என்று வெளியே சொல்லவில்லை, அது இப்போது எனக்கே வினையாகிவிட்டது.

மறுநாள் மறுபடி பனி. நம் முற்றத்தைத் தள்ளி, சவுனாக் கதவை மீட்டு, அப்படியே போய் டுவேன் வீட்டு வாசலையும் சுத்தமாகத் தள்ளிவிட்டு வந்தேன். கேட்காமல்தான். இர்மா அவனுக்கும் போன் போட்டு உசுரோடதான் இருக்கியா என்றாளாம்.

நீ அந்த ஊர் வேலைக்குக் கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? இரவெல்லாம் கொட்டி வழியே மூடிவிட்டது. நீ எழுந்து வருவதற்குள் பெரிய சாலை வரைக்கும் திறந்திருந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாய். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன், கை இன்னும் விறைத்துத்தான் இருந்தது. வண்டியை எடுக்காமல் படுத்திருந்தால் இன்னும் ஒரு நாள் நீ என்னோடு இருந்திருப்பாய். எனக்கு அந்த ஆசை இல்லாமலா இருந்தது? இருந்தும் தள்ளினேன். நீ போவதற்கு வழி விட்டது இந்தக் கைதான், இதைத்தான் முடியாது என்கிறாய்.

ஹேசலுக்கு இருமல் என்றாயே, ஏசிக்கு நேரே படுக்க வைக்காதே. மூவரும் குறைவில்லாமல் இருங்கள், கடவுள் துணை. வண்டி எங்கேயும் போகாது என்று டுவேனுக்கு நீயே போன் செய்து சொல். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், எவ்வளவு பனி கொட்டினாலும் வாசல் வரை கார் வரும்.

உன்மேல் கோபம் தீராத,
அம்மா ஐலி