எழுத வராத அறிக்கை

திங்கள், காலை 7.10

நிலவின் தென்முனை நிலையம். பதிவிடுவது முப்பிடாதி, பாறை ஆய்வாளர். நிலையத்தின் காற்று அளவி பச்சை. முழு அளவு காட்டுகிறது. தண்ணீர் சரி. மின்சாரம் சரி. துளைக் கருவி ஓடவில்லை.

அதை ஓட்டிய ஜெயசிங் போன வாரம் இறந்துவிட்டார். கருவியின் பக்கத்தில் களைப்பாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கவச உடை மாட்டிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இப்போது இங்கே நான் மட்டும்.

மரண அறிக்கையை நான்தான் எழுத வேண்டும், அதுவும் என் சொந்த வார்த்தைகளில். அது பூமியிலுள்ள தரை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் என்னை அழைத்துப்போகும் கப்பல் கிளம்பும். இன்று எழுதியது: "ஜெயசிங் வெளியே போனார்." அதையும் அழித்துவிட்டேன்.

செவ்வாய், காலை 9.30

அளவி பச்சை.

அறிக்கை எழுதுவது எனக்குப் பெரிய வேலையே இல்லை. கல்லூரியில் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தவள். இப்போது ஒரு வரி எழுதினால் அடுத்த வரி வருவதில்லை. அறை வாசலில் இருக்கிறதே, திறந்து மூடுவோமே, அதற்கு என்ன பெயர் என்று வெகுநேரம் யோசித்தேன். கதவு. துக்கம் இப்படியெல்லாம் செய்யுமா? தலை வேறு வலிக்கிறது.

தரையிலிருந்து வழக்கமாகப் பேசுகிறவள் நஸ்ரின். அவளும் விண்வெளிக்குப் பயிற்சி எடுத்தவள். எழுத முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் பதில் இது:

"அக்கா, நல்லா எழுதணும்னு நினைக்காதீங்க. மோசமா எழுதுங்க. யாராவது ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. திருத்தறத அப்புறம் பாத்துக்கலாம். ஆனா சீக்கிரம் அனுப்பிடுங்க."

அந்தக் கடைசி வரி உறுத்துகிறது. இறந்தவர் இறந்துவிட்டார். இவளுக்கு என்ன அவசரம்?

புதன், காலை 8.00

இயக்குநர் தில்லைநாயகம் ஒரு வரைவு அனுப்பியிருக்கிறார். எனக்குச் சிரமம் வேண்டாமாம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அழகான தமிழ், ஒரு பிழை கிடையாது. நடுவில் ஒரு வரி:

"ஜெயசிங் தனது உடையின் காற்று அளவியைச் சரிபார்க்காமல் வெளியேறினார்."

மூன்று முறை படித்தேன். அளவியைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். மாரடைப்பாக இருக்கலாம், உடை கிழிந்திருக்கலாம். இவருக்கு மட்டும் அளவி எப்படித் தெரிந்தது?

சற்று நேரத்தில் நஸ்ரின் தொடர்பில் வந்தாள். வரைவு கிடைத்ததா, கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றேன். அவள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். இனி இவளிடமும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

வியாழன், காலை 10.20

கையெழுத்துப் போட்டால் ஊர் போகலாம். பேனாவை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். என் பெயரில் எத்தனை எழுத்து என்று குழம்பிவிட்டது.

நஸ்ரினை நம்பவில்லை. ஆனாலும் அவள் சொன்ன வழியைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஜெயசிங்கின் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சொல்வதாக வைத்துக்கொண்டு எழுதினேன். வந்ததை வந்தபடி கீழே தருகிறேன்.

ஸ்டெல்லா அன்னைக்குக் காலைல உப்புமா. அவருக்குப் பிடிக்கல. ரெண்டு தடவ திட்டினாரு. உடை போட்டாரு நான் பின்னால கொக்கி மாட்டினேன். கண்ணாடி வழியா கையைக் காட்டினாரு, மணிக்கட்டுல இருக்கிற அளவியக் காட்டினாரு. "நல்லா பாத்துக்கோ, முழுசா காட்டுது. பொறவு நான் பாக்கலன்னு சொல்லப்படாது"ன்னாரு. நானும் பாத்தேன் ஸ்டெல்லா. பச்சை. முழுசு. நான் என் கண்ணால

இங்கே நிறுத்திவிட்டேன்.

அவர் அளவியைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அளவி பொய் சொல்லியிருக்கிறது.

வியாழன், காலை 11.45

சுவரில் இருப்பதும் அதே வகை அளவி. பச்சை. முழுசு.

அதை வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆபத்துக்கென்று வைத்திருக்கும் சிவப்புக் காற்றுக்குப்பிகளில் ஒன்றை இறக்கி முகமூடியை மாட்டித் திறந்தேன். அதில் மின்னணு எதுவும் கிடையாது. கையால் திருகுகிற குழாய்தான்.

பத்து மூச்சு இழுத்திருப்பேன். தலைவலி விட்டது. கதவு, கொக்கி, மேசை, திருகாணி, முப்பிடாதி. எல்லாப் பெயரும் தானாக வந்து நின்றன.

துக்கம் என் வாயைக் கட்டவில்லை. எனக்குக் காற்றுப் போதவில்லை, அவ்வளவுதான். அளவி அதிகம் காட்டினால், காற்றைத் தரும் இயந்திரம் போதும் என்று குறைத்துக்கொள்ளும். ஜெயசிங்கின் உடையில் அது சட்டென்று நடந்தது. இந்த அறையில் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கிறது. முதலில் வார்த்தை போகிறது.

முகமூடியைக் கழற்றாமல் உட்கார்ந்து அறிக்கையை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஒரு வரிகூட அடிக்கவில்லை.

வெள்ளி, காலை 7.00

அறிக்கையை அனுப்பிவிட்டேன். அதன் கடைசிப் பத்தி இது: "கப்பலிலும் இதே அளவிதான் இருக்கிறது. மாற்றாமல் அதைக் கிளப்பக் கூடாது."

கப்பல் வராவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினேன். குப்பிகளைச் சிக்கனமாகத் திறந்தால் கொஞ்ச காலம் தாங்கலாம். அதற்குள் வேறு அளவி செய்யமாட்டார்களா?

"அறிக்கை கிடைத்தது, நன்றி" என்று பதில் வந்தது. புதுக்குரல். நஸ்ரின் எங்கே என்று கேட்டேன். வேறு வேலையாக இருக்கிறாராம்.

ஞாயிறு, காலை 9.15

தில்லைநாயகமே தொடர்பில் வந்து பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

"முப்பிடாதி, தனிமையில மனசு கொஞ்சம் குழம்பும்மா. அது இயற்கைதான். உங்க அறிக்கையில சில இடங்களச் சரிபண்ணிக் கோப்புல சேத்தாச்சு. கப்பல் நேத்தே கிளம்பிடுச்சு. நஸ்ரின் வர்றாங்க. அவங்களே கேட்டு வாங்கிட்டாங்க, அக்காவ நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்னு."

கப்பலின் அளவி என்ன காட்டுகிறது என்று கேட்டேன்.

"முழுசாக் காட்டுது. கவலப்படாதீங்க."

நஸ்ரினுக்கு என்னைக் கூட்டிப்போகத்தான் அவசரம். நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கப்பலுக்கு நேராகப் பேசப் பார்த்தேன். இங்குள்ள சிறிய வானொலி அவ்வளவு தூரம் எட்டாது. தரை வழியாகத்தான் பேச முடியும். தரை என் பேச்சை அனுப்ப மறுக்கிறது.

செவ்வாய், காலை 6.40

கப்பல் வானொலிக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அறிக்கையை முதல் வரியிலிருந்து வாசித்தேன். பதில் இல்லை. மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறை அவள் குரல் கேட்டது.

"அக்கா... உங்க குரல்தானா. நல்லாருக்கேன். எல்லாம் பச்சையாத்தான்... இங்க வட்டமா, வெளிய தெரியுமே, அது வழியா உங்க... உங்க அத பாக்கறேன்."

ஜன்னல் என்றேன்.

"ஆமா. அது."

சீட்டுக்குப் பின்னால் கையை விடு, சிவப்புக் குப்பி இருக்கும், முகமூடியை மாட்டிக் குழாயைத் திருகு என்றேன். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன்.

சிரித்தாள்.

"சிவப்புன்னா எது, அக்கா?"

திருகு நஸ்ரின், கைக்கு அகப்படுவதையெல்லாம் திருகு என்று கத்தினேன். ஏதோ உருளும் சத்தம். உலோகம் உலோகத்தில் இடிக்கிறது. இப்போது ஏதோ சீறுகிறது. குப்பிதானா, கப்பலில் வேறு எதையாவது திறந்துவிட்டாளா, இங்கிருந்து தெரியவில்லை.

உன் பெயரைச் சொல் என்கிறேன்.

சீறல் மட்டும் கேட்கிறது. மறுபடி கேட்கிறேன்.

"என்னோட... பேரா?"

சொல்லு. சொல்லிக்கொண்டே இரு. நான் எழுதிக்கொள்கிறேன். சொல்கிறாள்: நஸ்