பிள்ளைக் காம்பராவின் கர்டர்

புதன், இரவு. மழை விடவில்லை.

பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பை எஸ்டேட் திருடிவிட்டது.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நாளை திறப்பு. டியூப் லைட் மாட்ட ஏணியில் ஏறி, கூரையைத் தாங்கும் உத்தரமான, சிவப்பு பெயிண்ட் அடித்த கர்டரில் துளை போட்டேன். ட்ரில் பிட் சட்டென்று உள்ளே போனது. சட்டையெல்லாம் மரத்தூள். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பாரத்தைத் தாங்கி இரண்டு சுவருக்கும் கொடுக்க வேண்டிய இரும்பின் இடத்தில் காயாத சில்வர் ஓக் மரம்.

சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, பெயிண்ட் அடிச்சா எல்லாம் இரும்புதானுங்க" என்று சிரித்தார்.

"கர்டர் எங்கங்க?"

"பங்களா வராந்தாக் கூரையத் தாங்குதுங்க. நடுவுல தூண் நின்னா கெஸ்ட்டுக்கு மலை தெரியாதுங்களே."

மேனேஜரின் ஜீப்பை மறித்துச் சொன்னேன். "ஓரமா நில்லு" என்றார். கண்ணாடி ஏறியது.

உன் பாப்பாவை நாளை அங்கே விடாதே என்று கொழுந்து பறிக்கிற அக்காவிடம் சொன்னேன். "முதுகுல கட்டிக்கிட்டுப் போகவா? அப்புறம் கூடைய எங்கடா மாட்டுறது?" என்றாள். அவள் தூங்கிவிட்டாள். பாப்பாவும்தான்.

தொட்டி இன்னும் காலி; நிரம்பினால் அந்த மரம் தாங்காது. அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஒயர் கொடுக்க வேண்டியவன் நான். வேறு ஆளை வைத்தும் கொடுப்பார்கள், தெரியும். இருந்தாலும் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: கர்டரைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள், பிறகு ஒயர் கொடுக்கிறேன்.

பார்த்துவிட்டார். ஒயர் சுருளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.