உன் கம்ப்யூட்டரில் நான் அழித்தது

போன வாரம் ஆனேக்கலில் ஒரு பட்டறைக்குப் பழுது பார்க்கப் போயிருந்தேன். தகடு வெட்டும் இயந்திரத்தோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கவில்லை. கறுப்புத் திரையில், தொடங்குவதற்கான கோப்பைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. உன் வீட்டில் பார்த்த அதே வரி. சிடியைப் போட்டு, விடுபட்ட கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. பட்டறைக்காரர் கை கொடுத்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் உன் வீட்டுக்கு நான் வந்தது ஒரு ஞாயிறு மதியம். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், அவசரம். "ரெண்டு வருஷமா ஏத்துனது எல்லாம் இதுலதான்டா இருக்கு. பாத்துப் பண்ணு" என்றாய். உன்னோடு தெரு பெருக்கியவர்கள் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார்கள், எந்தெந்தத் தெருவில் வேலை செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு நீ தட்டச்சு செய்த விவரம். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் போட்ட வழக்குக்கு அதுதான் ஆதாரம்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன். பழுதைத் தேடப் பொறுமை இல்லை. டிஸ்க் முழுவதையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். வேறெங்காவது ஒரு நகல் வைத்திருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நீ டீ கொண்டுவந்தபோது திரையில் புதிதாக ஏற்றியதோடு வரும் பச்சைப் புல்வெளிப் படம் மட்டும் இருந்தது.

"டிஸ்க் முன்னாடியே போயிருக்குடா" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாய். "நீ என்ன பண்ணுவ? டீ ஆறுது, குடி."

மறுநாளே மறுபடி வீடு வீடாகக் கிளம்பிவிட்டாய். நாலு மாதம், தினமும் வேலை முடிந்த பிறகு, பிறகு உன் உயிரையே வாங்கிய அந்த இருமலோடு. யாராவது என்னைக் குறை சொன்னால், "லீவு நாள்ல வந்து பாத்தானே, அதுவே பெருசு" என்று வாயை அடைத்தாயாம். உன்னோடு தெரு பெருக்கிய முனியம்மா அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் சேர்ந்த வருடத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லை. வழக்கு ஜெயித்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவர் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று இனிப்போடு என் வீட்டுக்கு வந்தாய். "முனியம்மாவ விட்டுட்டேன்டா. மொதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போயிருக்கணும்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆனேக்கலிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ணா. ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசியிருக்கமாட்டாரு. அப்புறம் உங்களயும் இழுத்துக்கினு போயிருப்பாரு. ஒண்டியா அலைஞ்சிருக்க வேணாம்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "முனியம்மா பொண்ணுகிட்ட போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தப் பெண்ணின் விலாசத்தை வாங்கி வந்திருக்கிறேன். நாளை காலை போகிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பை எனக்கு முன்னால் நீ அங்கே போய்க் கேட்டிருக்கிறாய். தவறு யாருடையது என்றே தெரியாமல்.